எம்ஜிபி காரின் கார்புரேட்டர் ஒழுக்கு

என்னிடம் உள்ள 1967ஆம் ஆண்டு எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் பெட்ரோல் வாடை அடிக்கத் தொடங்கிப் பல வாரங்கள் ஆகியும், பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று, ஒரு நட்டை இறுக்கிப் பார்த்ததோடு விட்டுவைத்திருந்தேன். அது பெருந்தவறு. இந்த எஞ்சினில் காற்று உள்ளே செல்லும் வழியும் புகை வெளியேறும் வழியும் ஒரே பக்கத்தில் அமைந்திருப்பதால், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் இரண்டு கார்புரேட்டர்களுக்கும் (எஸ்யூ எச்எஸ்4 வகை) கீழே, புகையை வெளியேற்றும் கொதிக்கும் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இருக்கிறது. நடுவில் ஒரு வெப்பத் தடுப்புத் தகடு மட்டுமே. அங்கே சொட்டும் பெட்ரோலை ஒருநாள்கூடப் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒழுகும் இடத்தை உறுதிசெய்ய வேண்டும். பெட்ரோல் பம்ப் மின்சாரத்தில் இயங்குவதால் இது எளிது. எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு கார்புரேட்டர்களைத் துடைத்து உலர்த்தி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினேன். (நெடுநேரம் அப்படியே வைத்தால் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயில் சூடாகிவிடும், ஓரிரு நிமிடம் போதும்.) பம்ப் டிக் டிக்கென்று அடித்து, கார்புரேட்டர்களில் பெட்ரோல் தேங்கும் ஃபுளோட் (மிதவை) கிண்ணங்கள் நிரம்பியதும் ஓய்ந்துவிட வேண்டும். என் வண்டியில் அது ஓயவே இல்லை. முன் கார்புரேட்டரின் கிண்ண மூடியிலிருந்து இறங்கும் வழிவுக் குழாயில் பெட்ரோல் வந்தது. பின் கார்புரேட்டரிலோ, காற்றுப் பாதையில் பெட்ரோலை விடும் துளையான ஜெட்டுக்குப் பெட்ரோல் கொண்டுசெல்லும் நைலான் குழாய் கிண்ணத்தின் அடியில் சேரும் நட்டைச் சுற்றி ஈரம் கசிந்தது.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, முதலில் முன் கிண்ணத்தின் மூடியைப் பிடித்திருந்த மூன்று திருகுகளை எடுத்தேன். ஃபுளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்கியபோது உள்ளே பெட்ரோல் அலம்பும் ஓசை இல்லை. ஆகவே அது ஓட்டையாகவில்லை. ஆனால் கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் ஊசி வால்வின் கூம்பு முனையில் தேய்மானத்தால் வளையமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஊசியையும் அதன் இருக்கையையும் சேர்த்தே மாற்றினேன். ஒன்றை மட்டும் மாற்றுவதை நான் ஏற்பதில்லை. பிறகு மூடியைத் தலைகீழாகப் பிடித்து, ஃபுளோட்டின் நெம்புகோலுக்கும் மூடியின் விளிம்புக்கும் இடையே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்குமாறு நெம்புகோலை மெல்ல வளைத்தேன். கிண்ணத்தில் மட்டம் உயர்ந்தால் பெட்ரோல் வெளியே மட்டுமன்றி, ஜெட் வழியாக எஞ்சினுக்குள்ளும் வழிந்து ஆயிலோடு கலந்துவிடும். அதனால் ஆயில் அளவுகோலையும் எடுத்து முகர்ந்து பார்த்தேன். நல்ல வேளையாக அதில் பெட்ரோல் வாடை இல்லை.

பின் கார்புரேட்டரில் நைலான் குழாயைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் கல்லாக இறுகியிருந்தது. குழாயும் விறைத்துப்போயிருந்ததால் ஜெட்டையே மாற்ற முடிவுசெய்தேன். முன் கார்புரேட்டருக்கும் பின் கார்புரேட்டருக்கும் உரிய ஜெட்டுகள் ஒன்றல்ல என்பதால், கவனித்து வாங்க வேண்டும். குழாயின் முனை ரப்பர் வளையத்தைத் தாண்டிக் குறைந்தது 5 மில்லிமீட்டராவது நீண்டிருந்தால்தான் பிடிமானம் உறுதியாகும். நட்டை அளவோடு முறுக்கினாலே போதும். சென்ற மாதம் ஒழுக்கை நிறுத்துவதாக எண்ணி நான் அதை இறுக்கியதில்தான் அந்தப் பழைய வளையம் முற்றிலும் நசுங்கியது. ஜெட்டை நடுவில் நிறுத்தும் தாங்கியை நான் தொடவில்லை. ஆயினும் ஜெட்டுக்குள் இறங்கும் வேறொரு ஊசியைத் தாங்கிய கார்புரேட்டர் பிஸ்டனைத் தூக்கிக் கைவிட்டு, அது தடையின்றி இறங்கி ‘டக்’கென்று அமர்வதைச் சரிபார்த்துக்கொண்டேன்.

மறுபடி சாவியைத் திருப்பியபோது பம்ப் சிறிது நேரம் அடித்து ஓய்ந்தது. அரை மணி நேரம் கழித்தும் அடியில் விரித்திருந்த காகிதம் உலர்ந்தே இருந்தது. ஜெட் புதிது என்பதால், பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவை இரண்டு கார்புரேட்டர்களிலும் இனிச் சீராக்க வேண்டும்.