தபால் பெட்டியில் நான்கு பேர்

ஆகஸ்ட் 30, 2025, சனி. ஸ்டுட்கார்ட், ஜெர்மனி

ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கி, எட்டுப் பெட்டிகளோடு ரயில் ஏறி, ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தோம். பாட் கான்ஸ்டாட் பகுதியில் பழைய கட்டடம், இரண்டாவது மாடி. இவர் மூன்று மாதம் முன்பே வந்து அலைந்து பிடித்த வீடு.

காலி வீடு என்று சொல்லியிருந்தார். இவ்வளவு காலியாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சமையலறையில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குழாயும் அடுப்புக்கான மின் இணைப்பும் மட்டும்தான். மேடை, தொட்டி, அலமாரி எல்லாவற்றையும் முன்பு இருந்தவர்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இங்கே அதுதான் வழக்கமாம். கூரையில் விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஒயர் தொங்குகிறது.

எட்டு மணிக்கு மேல்தான் இருட்டியது. நாளை ஞாயிறு, கடைகள் திறக்காது. போன் வெளிச்சத்தில் பெட்டியைப் பிரித்து, கையில் அகப்பட்ட போர்வையை விரித்துக் குழந்தைகளைப் படுக்க வைத்தோம். சின்னவன் இது ரயில் நிலையமா என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போனான்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஹாலுக்கும் சமையலறைக்கும் பல்பு மாட்டியாயிற்று. அடுப்பு வரப் பத்து நாள் ஆகும். அதுவரை ஒற்றை மின் அடுப்பில்தான் எல்லாம்.

வாடகைக் கணக்கு இன்றுதான் எனக்குப் புரிந்தது. ‘குளிர் வாடகை’ என்றால் வீட்டுக்கு மட்டும். ‘சூடான வாடகை’ என்றால் தண்ணீர், குப்பை, வீட்டைச் சூடாக்கும் செலவு எல்லாம் சேர்ந்தது. முன்பணம் அதிகபட்சம் மூன்று மாதக் குளிர் வாடகை. அதை மூன்று தவணையாகக் கட்டச் சட்டம் இடம் கொடுக்கிறது. இவருக்கு அது தெரியாமல் மொத்தமாகக் கட்டிவிட்டார். இனி வருபவர்கள் கேட்டுப் பாருங்கள், கையில் கொஞ்சம் பணம் நிற்கும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

குடியேறி இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அன்மெல்டுங் என்கிறார்கள். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட சான்று, பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போனோம்.

அங்கே இருந்த பெண்மணி நான்கு பாஸ்போர்ட்டையும் வரிசையாக மேசையில் வைத்தார். ஒன்றைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார், திரும்ப முதலுக்கு வந்தார். இவருடைய குடும்பப் பெயர் என்று பாஸ்போர்ட்டில் இருப்பது என் மாமனாரின் பெயர். எனக்கு என் அப்பாவின் பெயர். குழந்தைகள் இருவருக்கும் இவருடைய பெயர். ஒரே குடும்பத்தில் மூன்று குடும்பப் பெயர்கள்.

“நீங்கள் நான்கு பேரும் ஒரே குடும்பமா?” என்று மரியாதையாகத்தான் கேட்டார். எங்கள் பக்கம் குடும்பப் பெயரே கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்தைத்தான் முன்னால் போட்டுக்கொள்வோம், பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டியிருந்ததால் அப்பா பெயரை எழுதினோம் என்று இவர் ஆங்கிலத்தில் விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, பிறப்புச் சான்றிதழ்களை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்துப் பதிவு செய்தார். நாற்பது நிமிடம் ஆயிற்று. வெளியே வந்தபோது நான்கு பேருக்கும் முகவரி இருந்தது.

செப்டம்பர் 15, திங்கள்

பெரியவளுக்கு இன்று பள்ளி. ஜெர்மன் தெரியாத பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு. பத்துப் பதினைந்து பிள்ளைகள், அத்தனை பேரும் வேறு வேறு நாடு. வாசலில் என் விரலை விடவே இல்லை. மத்தியானம் போனபோது கண்ணில் அழுத தடம் இருந்தது, ஆனால் அழவில்லை என்றாள். நானும் அப்படியே நம்பிக்கொண்டேன்.

ஆசிரியை என்னை இவருடைய பெயரால் அழைக்கிறார். பிள்ளையின் குடும்பப் பெயர்தானே அம்மாவுக்கும் இருக்கும் என்ற கணக்கு. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் இவர் பெயர் சொல்லி யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. இரண்டாவது தடவைதான் திரும்பிப் பார்த்தேன்.

அக்டோபர் 4, சனி

இவருக்குக் கடிதம் வந்தபடி இருக்கிறது. வரி எண் வந்துவிட்டது. ஒலிபரப்புக் கட்டணத்துக்கும் கடிதம் வந்தது, வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. டிவி இல்லை என்றாலும் கட்டித்தான் ஆக வேண்டும். எனக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் ஒன்றுமே வரவில்லை. நேற்று மருத்துவக் காப்பீட்டிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல்: உங்கள் அட்டை எங்களுக்கே திரும்பி வந்துவிட்டது, முகவரி சரிதானா?

இன்று காலை தபால் பெட்டி முன்னால் விழித்துக்கொண்டு நின்றபோது கீழ்வீட்டுப் பாட்டி வந்தார். எண்பது வயதாவது இருக்கும். என் போனில் இருந்த மின்னஞ்சலைக் காட்டினேன். அவர் பெட்டியின் மேலிருந்த பெயர்ப் பட்டையில் விரலால் தட்டினார். அதில் ஒரே ஒரு பெயர், மாமனார் பெயர்.

இங்கே வீட்டுக்கு எண் கிடையாது. கட்டடத்துக்கு மட்டும்தான் எண். உள்ளே எந்த வீடு என்று தபால்காரர் கண்டுபிடிப்பது பெட்டியில் இருக்கும் பெயரை வைத்துத்தான். பெயர் இல்லை என்றால் ஆள் இல்லை என்று கடிதம் திரும்பிவிடும். நான் தினமும் கதவைத் திறந்து மூடிக்கொண்டு, படியேறி இறங்கிக்கொண்டு ஐந்து வாரமாக இங்கேதான் இருக்கிறேன். தபால் கணக்கில் நானும் என் பிள்ளைகளும் இந்த வீட்டில் இல்லை.

பாட்டி உள்ளே போய்ப் பேனாவும் ஒட்டும் நாடாவும் எடுத்து வந்தார். நான் என் பெயரை எழுதப் போனேன். “அது இல்லை, கடைசிப் பெயர்” என்று பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரைக் கேட்டார். அப்பாவின் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதினேன். அதன் முன்னால் என் பெயரின் முதல் எழுத்து, ஒரு புள்ளி.

எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. பிறந்ததிலிருந்து அப்பா என் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக நின்றார். பள்ளிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றிலும் அவர் ஓர் எழுத்து, ஒரு புள்ளி. இங்கே அவர் முழுப் பெயர், நான் ஒற்றை எழுத்து. அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. விமானத்தில் ஏறியதே இல்லை.

வரி எண்ணுக்குத் திரும்பவும் விண்ணப்பித்துவிட்டோம். அந்தப் பதில் தபாலில்தான் வருமாம், மின்னஞ்சலில் தர மாட்டார்கள்.

அக்டோபர் 26, ஞாயிறு

குளிர்காலத்துக்காக இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கிறார்கள். இன்று அதிகாலை மூன்று மணி இரண்டு மணியாகிவிட்டது. ஊருக்கும் இங்கும் மூன்றரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் நாலரையாகிவிட்டது. அம்மா வழக்கம்போல அவர்கள் நேரப்படி ராத்திரி எட்டுக்குக் கூப்பிட்டார், நான் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று நினைத்துக் குழந்தைகளோடு நெக்கர் ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தேன். போனை எடுத்ததும், “ஏன் ஒரு மாதிரி மூச்சு வாங்குற?” என்றுதான் முதலில் கேட்டார்.

நவம்பர் 8, சனி

நேற்று எங்கள் கதவுக் கைப்பிடியில் ஒரு மரப் பலகை தொங்கியது. கேர்வொக்கே. ‘பெருக்கும் வாரம்’ என்று அர்த்தம். இந்தப் பக்கத்து ஸ்வாபிய மக்களின் பழக்கம், கட்டடத்தில் இருப்பவர்கள் முறை வைத்து மாடிப்படியைப் பெருக்கித் துடைக்க வேண்டும். பலகை யார் கதவில் இருக்கிறதோ அந்த வாரம் அவர்கள் முறை.

காலையில் வாளித் தண்ணீரோடு இறங்கினேன். மொத்தம் பதினெட்டுப் படி. கல் படியின் ஓரத்தில் காய்ந்த இலைத்தூள் ஒட்டிக்கொண்டிருந்தது, துணியை விரலில் சுற்றி அதை எடுத்தேன். மேல்வீட்டுப் பையன் இறங்கி வந்தான், ஈரப் படியைப் பார்த்துவிட்டு ஓரமாகக் கால் வைத்து இறங்கினான். போகும்போது வணக்கம் சொன்னான். பத்து வாரத்தில் அவன் எனக்குச் சொன்ன முதல் வணக்கம். முடித்ததும் பலகையை எதிர்வீட்டுக் கதவில் மாட்டிவிட்டு வந்தேன். எனக்குப் பிடித்திருக்கிறது இந்த வழக்கம். அடுத்த முறை எப்போது வரும் என்று நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.

நவம்பர் 11, செவ்வாய்

புனித மார்ட்டின் நாள். சின்னவனுக்கு இந்த மாதம்தான் மழலையர் பள்ளியில் இடம் கிடைத்தது. அதற்குள் அவன் கையால் ஒட்டிய காகித விளக்கோடு ஊர்வலம். குளிரில் தன் மேலங்கியை வெட்டிப் பிச்சைக்காரனுக்குப் பாதி கொடுத்த மார்ட்டினின் கதையைப் பெரியவள்தான் எனக்குத் தமிழில் சொன்னாள். அவள் அதை ஜெர்மனில் கேட்டுப் புரிந்துகொண்டிருக்கிறாள். எத்தனை நாளாக உனக்குப் புரிகிறது என்று கேட்டேன். “தெரியலம்மா, புரியுது” என்றாள்.

நவம்பர் 16, ஞாயிறு

காலையில் ஜன்னல் கண்ணாடி முழுக்க நீர் கோத்திருக்கிறது. தினமும் இரண்டு மூன்று தடவை எல்லா ஜன்னலையும் அகலத் திறந்து ஐந்து பத்து நிமிடம் விட்டு மூட வேண்டும், இல்லை என்றால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். வெளியே மூன்று டிகிரி. மனசே வரவில்லை, ஆனாலும் திறந்தேன்.

நவம்பர் 22, சனி

இரண்டு விஷயம் ஒரே நாளில்.

கட்டடத்தைப் பராமரிப்பவர் பெட்டிக்கும் அழைப்பு மணிக்கும் புதுப் பெயர்ப் பட்டை போட்டுவிட்டார். இடம் போதவில்லை, ஒரு பெயரைச் சுருக்கலாமா என்று போன வாரம் கேட்டிருந்தார். வேண்டாம், எழுத்தைச் சின்னதாக்குங்கள் என்றேன். மேலே மாமனார், நடுவில் அப்பா, கீழே இவர். கறுப்பு எழுத்து, வெள்ளைப் பட்டை.

பெட்டிக்குள் மூன்று உறைகள். எனக்கு, பெரியவளுக்கு, நான்கு வயதுச் சின்னவனுக்கு. வாழ்நாள் முழுக்க மாறாத 11 இலக்க வரி எண். தன் பெயருக்கு வந்த முதல் கடிதத்தைச் சின்னவன் யாரையும் தொட விடவில்லை, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். அம்மாவுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும். “கிட்டக் கொண்டா, கிட்டக் கொண்டா” என்றார். கேமராவைப் பட்டையில் இடிக்கிற அளவுக்குக் கொண்டுபோனேன். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

அப்புறம், “தினம் ஒரு தடவ தொடைச்சு வை, தூசி படியும்” என்றார்.