அப்பப்பாவின் போறணையை மறுபடி மூட்டினோம்

2022 மார்ச் கடைசியில், இலங்கையின் பொருளாதார நெருக்கடியில், மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. டீசலுக்கு வரிசை, காஸ் இல்லை. யாழ்ப்பாணத்தில், மானிப்பாய்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பேக்கரியில் டீசல் அடுப்பும் மா குழைக்கும் மெஷினும் சும்மா கிடந்தன. காஸ் இல்லாத வீடுகளோ பாணைத்தான் நம்பியிருந்தன. "போறணையைத் திறப்பம்" என்றார் அப்பா.

போறணை என்றால் விறகு எரித்துப் பாண் சுடும் செங்கல் அடுப்பு. அப்பப்பா கட்டியது அது. 1990இல் யுத்தத்தால் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்று, எரிபொருளுக்கும் தடை வந்தபோது எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டதே அதுதான். 1995 ஒக்டோபர் 30 யுத்த இடப்பெயர்வில் எல்லாரும் குடாநாட்டின் கிழக்கே தென்மராட்சிக்குப் போய், அடுத்த வருடம் திரும்பி வந்தபோது கூரை இல்லை, கதவு இல்லை. போறணை மட்டும் நின்றது. 2002இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்த பிறகு டீசல் அடுப்பு வந்தது. போறணை வாயைக் கல் வைத்து அடைத்துவிட்டோம்.

திறந்து பார்த்தால் உள்தளத்தில் சில கற்கள் பெயர்ந்திருந்தன. சீமெந்து சூட்டுக்கு வெடித்துவிடும் என்று அப்பா களிமண்ணும் மணலும் குழைத்தே பூசச் சொன்னார். உடனே பெரிய நெருப்பும் கூடாது. கல்லுக்குள் ஊறிய ஈரம் ஒரேயடியாக ஆவியானால் வளைவு பிளக்கும். தென்னம் மட்டை, தேங்காய்ப் பொச்சு போட்டுச் சின்னதாக எரித்து, ஆறவிட்டு, மறுநாள் கொஞ்சம் கூட்டி எரித்தோம். முதலில் புகைதான் வந்தது, கண் திறக்க முடியவில்லை.

சூடு போதுமா என்று பார்க்க எங்களிடம் வெப்பமானி இல்லை. விறகு எரிய எரிய உள்வளைவு முழுக்கக் கரி படியும். சூடு ஏறியதும் அந்தக் கரியே எரிந்து செங்கல் வெளுக்கும். அப்போது தணலை வழித்தெடுத்து, ஈரச் சாக்கால் தளத்தைத் துடைத்து, சூடு சமப்படக் கதவைக் கொஞ்ச நேரம் மூட வேண்டும். அப்புறம் ஒரு கை மா தூவினால், சட்டென்று கருகினால் இன்னும் பொறுக்கணும். மெதுவாகச் சிவந்தால் பாண் வைக்கலாம்.

உண்மையில் கஷ்டம் நெருப்பில் இல்லை, மாவில்தான். டீசல் அடுப்பு மாவுக்காகக் காத்திருக்கும், போறணை காத்திருக்காது. கையால் குழைத்த மா பொங்கி வரும் நேரமும் செங்கல் வெளுக்கும் நேரமும் ஒன்றாக விழ வேண்டும். விடிய இரண்டு மணிக்கு மாவைத் தொட்டுப் பார்த்தே "இப்ப விறகைக் கூட்டு" என்பார் அப்பா. அந்தக் கைப்பழக்கத்தை எழுதி வைக்க முடியாது, பக்கத்தில் நின்றுதான் பழகினேன். முதலில் றாத்தல் பாண், சூடு இறங்க இறங்கப் பணிஸ், கடைசிச் சூட்டில் ரஸ்க் என்று ஒரே நெருப்பில் எல்லாம் முடிந்துவிடும்.

டீசல் திரும்பக் கிடைக்கிறது. ஆனாலும் ரோஸ் பாணை இப்போதும் போறணையில்தான் போடுகிறோம். அந்த அடிப்பக்க முறுகல் வேறு எதிலும் வராது. உங்கள் வீட்டிலும் பழைய போறணை இருந்தால் இடிக்காதீர்கள். மாரி காலத்தில் இடைக்கிடை சின்ன நெருப்பு மூட்டினால் ஈரம் பிடிக்காது.