கெய்சர்-இ-ஹிந்த்: கறுப்பின் மேல் தூவிய பச்சை

இமயமலைப் பட்டாம்பூச்சிகளை வரைந்துவரும் வரிசையில் இப்போது கெய்சர்-இ-ஹிந்த். நேபாளம், பூட்டான், வடகிழக்கு இந்தியா தொடங்கி வியட்நாம் வரை, பெரும்பாலும் 1,800 மீட்டருக்கு மேலுள்ள காடுகளில் வாழ்வது. 2021-ல் அருணாச்சலப் பிரதேசம் இதை மாநிலப் பட்டாம்பூச்சியாக ஏற்றது. முதலில் ஆண் பூச்சி. காலை வெயிலில் மலைமுகட்டு மரங்களில் வந்து உட்காருவது பெரும்பாலும் ஆண்தான். அதனால் பார்த்து வரைய நல்ல புகைப்படங்கள் கிடைக்கின்றன.

பென்சில் வேலை சீக்கிரம் முடிந்தது. இறக்கை விரிவு 9 முதல் 12 சென்டிமீட்டர் என்பதால் நிஜ அளவிலேயே போட்டேன். பின்னிறக்கை ஓரம் ரம்பப் பல் மாதிரி வெட்டுப்பட்டு, அதிலிருந்து நீளமாக ஒரு வால், வால் நுனியில் மஞ்சள்.

நேரம் பிடித்ததெல்லாம் பச்சைக்குத்தான். வெள்ளைத் தாளில் சாப் கிரீனைப் பூசினால் அது இலைப் பச்சையாகவே நிற்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது காரணம் புரிந்தது: இறக்கையின் தரை கறுப்பு, பச்சைச் செதில்கள் அதன்மேல் தூவலாகத்தான் இருக்கின்றன. அந்தப் பச்சையும் வெறும் சாயத்தால் வருவதில்லை. செதிலுக்குள் கைட்டினும் (பூச்சிகளின் மேலோடு ஆன கெட்டியான பொருள்) காற்றும் முப்பரிமாண வலையாகப் பின்னிக் கிடக்கின்றன, ஜைராய்டு என்கிறார்கள். அந்த அமைப்பு பச்சை ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. இவ்வளவு சிறிய செதிலுக்குள் இப்படியொரு கட்டுமானமா என்று எனக்கு வியப்பு இன்னும் அடங்கவில்லை.

எனவே கறுப்புப் போஸ்டர் கலரை முழுக்க அடித்துக் காயவிட்டேன். பிறகு பிரஷைத் துணியில் நன்றாகத் துடைத்து, கெட்டிப் பச்சையை நுனியால் மட்டும் ஒற்றி எடுத்தேன், கோலமாவைத் தூவுகிற மாதிரி. உடலை ஒட்டிய பகுதியில் நெருக்கமாக, ஓரத்துக்குப் போகப்போக இடைவெளி விட்டு. கடைசிச் சுற்றில் மட்டும் கொஞ்சம் மெட்டாலிக் பச்சை. தாளைச் சாய்த்தால் இப்போது நிறம் அசைகிறது. பின்னிறக்கையின் பெரிய மஞ்சள் திட்டுக்கு மட்டும் முதலிலேயே வெள்ளையாக இடம் விட்டிருந்தேன். கறுப்பின் மேல் மஞ்சள் ஏறாது. குரோம் எல்லோ ஒரே பூச்சில் பளிச்சென்று உட்கார்ந்தது.

அடுத்தது பெண் பூச்சி. உருவில் பெரியது, அந்த மஞ்சள் திட்டு இருக்கும் இடத்தில் சாம்பல், வால்களும் கூடுதல். சாம்பலில் லேசாக நீலம் கலந்து ஒரு துண்டுத் தாளில் பார்த்து வைத்திருக்கிறேன்.