உடம்போடு போனவர்

உயிர்த்தெழுந்த இயேசு பரலோகத்துக்கு ஏறிப்போனதை நினைக்கிற பரமேறுதல் திருநாள் இந்த வருஷமும் வியாழக்கிழமைதான். ஈஸ்டரிலிருந்து நாற்பதாவது நாள் என்று எண்ணினால் வேறெந்தக் கிழமையிலும் வராது. கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி இருக்கிறது, பெரிய வெள்ளிக்கு மூன்று மணி நேர ஆராதனை இருக்கிறது, ஈஸ்டருக்கு இருட்டோடு எழுந்து ஓடுகிறோம், இதற்கு ஒன்றுமே கிடையாது. கத்தோலிக்க நண்பர்கள் விண்ணேற்றப் பெருவிழாவை ஞாயிறுக்குத் தள்ளிவைத்துக்கொண்டார்கள், கெட்டிக்காரர்கள். எங்கள் கோயிலில் சாயங்காலம் ஆறரை ஆராதனைக்கு மணி அடிக்கிறவரையும் சேர்த்துப் பதினான்கு பேர்.

நானும் பல வருஷம் இந்த நாளைக் கண்டுகொண்டதில்லை. வாராவாரம் எல்லாரும் சேர்ந்து சொல்கிற விசுவாச அறிக்கையான விசுவாசப்பிரமாணத்தில் "பரமண்டலத்துக்கு ஏறி" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நியாயத்தீர்ப்புக்குப் போய்விடுவோம். லூக்கா சுவிசேஷத்தின் கடைசி அதிகாரம் மட்டும் கொஞ்சம் உறுத்தும். சீஷர்களை ஒலிவமலைச் சரிவிலுள்ள பெத்தானியா வரை அழைத்துக்கொண்டு போய், கைகளை உயர்த்தி ஆசீர்வதித்துக்கொண்டிருக்கும்போதே இயேசு பிரிந்து போகிறார், சீஷர்களோ மிகுந்த சந்தோஷத்தோடு எருசலேமுக்குத் திரும்புகிறார்கள். பிள்ளை சவூதிக்கு ஃபிளைட் ஏறினாலே எங்கள் தெருவில் ஒரு வாரம் அந்த வீட்டில் சத்தம் இருக்காது. இவர்களுக்கு என்ன சந்தோஷம்?

அப்பா போன பிறகுதான் இது வேறு மாதிரி பிடிபட்டது. அப்பா ஒரு அச்சகத்தில் கட்டிங் மெஷினில் வேலை பார்த்தவர். இடது ஆள்காட்டி விரலில் முதல் கணு கிடையாது, நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டது. வேதம் வாசிக்கும்போது அந்த மொட்டை விரலால்தான் வரியைத் தொட்டுக்கொண்டே போவார். பெட்டியில் வைத்தபோது கைகளுக்கு வெள்ளைக் கையுறை மாட்டினார்கள். அந்த ஒரு விரலில் மட்டும் நுனித் துணி காலியாகத் தொங்கியது. அம்மா பார்த்துவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், அதை உள்ளே மடித்துவிட்டாள்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தது இதைத்தான்: உயிர்த்தெழும்போது அப்பாவுக்கு அந்தக் கணு இருக்குமா? எனக்குப் பதில் தெரியாது. ஆனால் இயேசு தழும்போடுதான் எழுந்தார். சந்தேகப்பட்ட சீஷன் தோமாவிடம் விரலை நீட்டிப் பார் என்றார், பொரித்த மீன்கண்டத்தை எல்லார் முன்னாலும் சாப்பிட்டார், அதே உடம்போடுதான் ஒலிவமலையில் மேகத்துக்குள் மறைந்தார். வந்த வேலை முடிந்தது என்று சட்டையைக் கழற்றுகிற மாதிரி மனுஷ உடம்பைக் கழற்றி மலையில் போட்டுவிட்டுப் போகவில்லை. அப்படியானால் பிதாவின் வலது பாரிசத்தில் இந்த நிமிஷம் ஒரு மனுஷ உடம்பு இருக்கிறது, ஆணி பாய்ந்த கைகளோடு. சொல்லிப் பார்த்தால் கொஞ்சம் நடுங்குகிறது.

விசுவாசத்தைக் கேள்வி பதிலாகச் சொல்லிக்கொடுக்க 1563-இல் ஜெர்மனியில் எழுதப்பட்ட ஹைடல்பர்க் வினாவிடையில் நாற்பத்தொன்பதாவது கேள்வியே இதுதான், அவர் ஏறிப்போனதால் நமக்கு என்ன லாபம் என்று. அங்கே நமக்காகப் பரிந்து பேசுகிறார் என்பது ஒன்று. அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்தது: நம்முடைய மாம்சம் பரலோகத்தில் ஒரு அச்சாரமாக இருக்கிறது, பதில் அச்சாரமாக அவர் தம்முடைய ஆவியை இங்கே அனுப்பியிருக்கிறார். வீடு பேசி முடிக்கும்போது ஒரு பக்கம்தான் அட்வான்ஸ் கொடுக்கும். இங்கே இரண்டு பக்கமும் கைமாறியிருக்கிறது.

பரிந்து பேசுவது என்றதும் கோர்ட்டும் வக்கீலும்தான் நமக்கு ஞாபகம் வரும். வேதத்தில் எபிரெயர் நிருபத்தை எழுதினவர் காட்டுவது பிரதான ஆசாரியனை. முதல் பிரதான ஆசாரியனான ஆரோன் பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போது பன்னிரண்டு கோத்திரங்களின் பெயர் வெட்டிய கற்கள் அவன் மார்பில் இருக்கும், யாத்திராகமம் 28-இல் பார்க்கலாம். உள்ளே போகிறவன் ஒருவன்தான், வெளியே நிற்கிறவர்களின் பெயரெல்லாம் அவனோடு போய்விடும். அம்மாவுக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று ஜெபிக்க வார்த்தை வராமல் தவித்தபோது எனக்கு இந்தக் கல்தான் உதவியது, அவள் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம், இயேசு பிதாவின் வலது பாரிசத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்றுதானே பிரமாணத்தில் சொல்கிறோம், முதல் இரத்தசாட்சியான ஸ்தேவான் மேல் கல் விழப்போகிற நேரத்தில் அவன் கண்டது எழுந்து நிற்கிறவரை. ஏன் என்று ஆளுக்கொரு விளக்கம் உண்டு. தன் ஆள் வருகிறான் என்று எழுந்துகொண்டார் என்றே நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒலிவமலையில் அவர் ஏறின இடம் என்று ஒரு சின்னக் கட்டடம் இருக்கிறது. உள்ளே ஒரு கல், அதில் அவருடைய பாதம் பதிந்த தடம் என்பார்கள். பல நூற்றாண்டுகளாக முஸ்லிம்களின் பொறுப்பில் இருக்கிறது, பரமேறுதல் நாளில் கிறிஸ்தவர்கள் அங்கே போய் ஆராதிக்கிறார்கள். ஏன் வானத்தை அண்ணாந்து பார்க்கிறீர்கள் என்று தூதர்கள் கேட்டது அன்றைக்கு மேலே பார்த்து நின்ற சீஷர்களிடம். நாம் குனிந்து கல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். குறை சொல்லவில்லை, போனால் நானும் முழங்கால் போட்டுத் தொட்டுத்தான் பார்ப்பேன்.

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தேன். மூட்டுவலி என்று அம்மா வரவில்லை. எத்தனை பேர் என்று கேட்டாள். பதினாலு என்று கொஞ்சம் சலிப்பாகவே சொன்னேன்.

"அன்னைக்கு மலையிலிருந்து மேல்வீட்டுக்குத் திரும்பி வந்த அப்போஸ்தலர்கள் பதினொரு பேர்தானே" என்று சொல்லிவிட்டு தோசை ஊற்றப் போய்விட்டாள்.