டேக்ல போட்ட வெலதான்

கவுண்டர்ல இருந்த பொண்ணு 1 டாலர் 80 சென்ட்டைத் திருப்பி என் கையில வச்சப்போ எனக்கு ஒண்ணும் புரியல. குளிருக்குப் போட ஒரு ஜாக்கெட், டேக்ல 30 டாலர், நான் எங்க மேரிலாந்து பழக்கத்துல 6 சதவீத டாக்ஸை மனசுக்குள்ளயே கூட்டி 31.80 எண்ணி நீட்டிட்டேன். இங்க டாக்ஸ் கிடையாதுன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னா. டெலவேர்ல சேல்ஸ் டாக்ஸே இல்லைன்னு வீட்டுக்காரர் கார்ல வர்ற வழியெல்லாம் சொல்லிட்டுதான் வந்தார், ஆனாலும் காசு கைக்குத் திரும்பி வந்தப்போ தொண்டை அடைச்சிடுச்சு.

ஏன்னா மேரிலாந்துக்கு வந்த புதுசுல ஒரு கடையில டேக்கைப் பாத்து சரியா எண்ணிக் கொண்டுபோய்க் குடுத்தேன், இன்னும் வேணும்னாங்க, பின்னாடி வரிசையில ஆளுங்க நிக்கிறாங்க, என்கிட்ட வேற காசு இல்ல. சாமானை அங்கயே வச்சிட்டு வந்தேன். நம்ம ஊர்ல பாக்கெட்ல எம்ஆர்பி போட்டா வரியெல்லாம் அதுக்குள்ள அடக்கம், அதுக்கு மேல ஒரு ரூபா கேட்டா கடைக்காரர்கிட்ட சண்டைக்கே போயிடுவோம். அந்த நியாயத்தை 4 வருஷம் கழிச்சு டெலவேர்ல இருக்கிற ரிஹோபத் பீச்ல பாத்தேன்.

அந்த ஜாக்கெட் வாங்கின அவுட்லெட்டுக்கு, அதாவது கம்பெனிக் கடைங்க வரிசையா இருக்கிற இடத்துக்கு, தனியாதான் போனேன். பிள்ளைங்க தண்ணியை விட்டு வரமாட்டேன்னுட்டாங்க, கடற்கரைகிட்ட பார்க்கிங் கிடைச்சதே பெரிய பாடு, காரை எடுத்தா திரும்ப இடம் கிடைக்காது. அதனால பீச் பஸ். கோடைக்கு மட்டும் ஓடுற பஸ், 2 டாலர். ரூட் 1-ங்கிற ஹைவேல கார் எல்லாம் நெருக்கியடிச்சு நிக்குது, பஸ்சுக்கும் சைக்கிளுக்கும் ஓரத்துல தனி லேன் இருக்கு, அதுல நம்ம பஸ் பாட்டுக்குப் போகுது, ஜன்னலோரமா உக்காந்து அதைப் பாக்குறதுல எனக்கு அவ்வளவு சந்தோஷம், பரமக்குடி ஸ்டாண்டுல துண்டு போட்டுப் பிடிச்ச சீட்டு மாதிரியே இருந்துச்சு.

இறங்கினப்புறம்தான் கஷ்டம். அவுட்லெட்டுன்னா ஒரே இடம்னு நினைச்சிருந்தேன், அது மூணா பிரிஞ்சு கிடக்கு, ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். பிள்ளைக்கு ஷூ வாங்கணும், அந்தக் கடை எதிர்ல கண்ணுக்குத் தெரியுது, போர்டைப் படிக்க முடியுது, ஆனா நடுவுல அத்தனை லேன் ஹைவே. சிக்னல் இருக்கிற எடம் வரைக்கும் வெயில்ல பையைத் தூக்கிட்டு நடந்து, பட்டனை அமுக்கி, நின்னு, கடந்து, மறுபடி அதே தூரம் திரும்பி நடந்தேன். வழியில நடக்கிற மனுஷி நான் ஒருத்திதான். ஊர்ல அம்மா ஒரு கையை நீட்டுவாங்க, இன்னொரு கையில என்னைப் பிடிச்சிருப்பாங்க, லாரியே நிக்கும். இங்க பட்டன் இருக்கு, கோடு இருக்கு, எல்லாம் ஒழுங்கா இருக்கு, நடக்கிறவளுக்குத்தான் இடம் இல்ல. இந்த ஒரு விஷயம் எனக்கு இன்னும் ஆறல. நாலு கார் வாங்கினாலும் ஆறாது.

சாயங்காலம் போர்டுவாக்னு சொல்ற கடலோர நடைபாதை பெஞ்சுல உக்காந்து அம்மாவுக்குப் போன் போட்டேன், அங்க விடியக்காலை. 1.80 கதையை ஆசையா சொன்னேன். "பின்ன, போட்ட வெலைக்கு மேல எவ ஆத்தா குடுப்பா?"ன்னாங்க. அவ்வளவுதான். அப்புறம் ஷூ பத்திக் கேட்டாங்க.

ராத்திரி வீட்டுக்குத் திரும்பும்போது மேரிலாந்துல இருக்கிற பே பிரிட்ஜ். 4 மைலுக்கு மேல நீளம், கீழ கறுப்பா தண்ணி. பீச்சுக்குப் போகும்போது டோல் உண்டு, திரும்பும்போது கிடையாது, காரு எங்கயும் தயங்காம போகுது. அப்போல்லாம் ராமேஸ்வரம் போறப்போ 1914-ல கட்டின அந்தப் பழைய பாம்பன் பாலத்துல ரயில் ஊர்ந்துதான் போகும், பெட்டியே எந்திரிச்சு ஜன்னலுக்கு வந்துடும், அம்மா முந்தானையில முடிஞ்ச சில்லறையை எடுத்து என் கையில குடுத்து கடலுக்குப் போடச் சொல்லுவாங்க. பர்ஸைத் திறந்து அந்த 80 சென்ட்டைக் கையில எடுத்துக்கிட்டேன். கண்ணாடியை இறக்கட்டுமான்னு கேக்கலாம்னு திரும்பினேன், பாலம் முடிஞ்சு கரை வந்திருந்துச்சு.