பின்தெருவுக்கு ஒரு பட்டா புத்தகம்

சென்ற ஆண்டு ஐப்பசியில், மழை சற்று விட்டிருந்த ஓர் இரவில், எங்கள் தெருவில் பூட்டிக் கிடந்த பெரிய வீடு ஒன்றின் பின்கட்டுக் கதவைப் பெயர்த்து உள்ளே நுழைந்தவர்கள், அறையில் அடுக்கி வைத்திருந்த பித்தளை அண்டாக்களையும் குத்துவிளக்குகளையும் எடுத்துச் சென்றுவிட்டார்கள். அந்த வீட்டின் முகப்புச் சாவி என்னிடம்தான் இருந்தது. வீட்டுக்காரர்கள் சென்னையிலும் கோவையிலும் வெளிநாட்டிலுமாக இருப்பதால், மாதம் ஒருமுறை திறந்து பெருக்கச் சொல்லி, காற்றும் வெளிச்சமும் உள்ளே போகவிட்டு மீண்டும் பூட்டி வைக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். முன்கதவு போட்டது போட்டபடியே இருந்ததால், களவு நடந்தது எனக்குத் தெரிவதற்கே ஆறு நாள்கள் ஆயின. பின்தெருவில் ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர்தான், “ஐயா, நீங்க பாத்துக்கிற வீட்டுப் பின்கதவு தொறந்து கெடக்கு” என்று வந்து சொன்னார். அந்தச் செய்தியை வீட்டுக்கார ஆச்சிக்குத் தொலைபேசியில் சொன்ன ஐந்து நிமிடங்கள் எனக்கு இன்றும் ஆறவில்லை. அவர் என்னை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை, “படைப்புக்கு எடுக்கிற அண்டாவும் போச்சா?” என்று மட்டும் கேட்டார். படைப்பு என்பது முன்னோருக்கு உணவு படைத்து வழிபடுவது.

நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊர்களைப் புலப்படமாகவும் (நில அளவு வரைபடமாகவும்) எல்லைக்கல்லாகவும் பார்த்தே பழகிய கண் என்னுடையது. களவுக்குப் பிறகு அந்தக் கண்ணோடு எங்கள் தெருக்களை மீண்டும் நடந்து பார்த்தபோது தெரிந்தவற்றை, இதே நிலையில் இருக்கும் மற்ற ஊர்க்காரர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

செட்டிநாட்டு ஊர்களின் அமைப்பை அறியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே பெரிய வீடு என்பது ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவது. முன்தெருவில் முகப்பும் திண்ணையும், நடுவில் வளவு எனப்படும் உள்முற்றமும் கட்டுகளும், கடைசியில் அடுப்படியும் பின்வாசலும் என்று ஒரே நேர்க்கோட்டில் நீளும். முன்வாசலில் நின்றால் பின்வாசல் வரை பார்வை ஓடும். நேரான தெருக்களும், கூரைகளில் விழும் மழைநீரை வளவின் நடுவே இறக்கும் சரிவுகளும், ஊரணிகளுக்குச் செல்லும் வரத்துக்கால்களுமாக, திட்டமிட்டு உருவாக்கிய ஊர்கள் இவை. 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் இடம்பெற்றதற்கு மாளிகைகளோடு இந்த ஊரமைப்பும் ஒரு காரணம். ஆனால் அந்தத் திட்டம் ஆள் நிறைந்த வீடுகளை நம்பிப் போடப்பட்டது. முன்திண்ணையில் கணக்கப்பிள்ளையும் வந்தவர் போனவரும் உட்கார்ந்திருப்பார்கள். பின்வாசலில் தண்ணீர் சுமப்பவர்களும் பாத்திரம் துலக்குபவர்களும் விறகு இறக்குபவர்களும் விடியலுக்கு முன்பிருந்தே நடமாடுவார்கள். தெருவைக் காத்தவை அந்தக் கண்களே. ஆள்கள் போனபின் அதே திட்டம் தலைகீழாக வேலை செய்கிறது. முன்தெரு கோயில் கார்களும் சுற்றுலா வண்டிகளுமாக ஓரளவு உயிரோடு இருக்க, பின்தெருவோ இருபுறமும் சன்னல் இல்லாத நீண்ட மதிலாக, ஒருவர் கூவினாலும் கேட்க ஆளில்லாத சந்தாகிவிட்டது.

இன்னொரு சிக்கல் உரிமையில் இருக்கிறது. பூட்டிய வீடு என்றால் அதற்கு ஒருவர் உரிமையாளர் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். இங்கே ஒரு வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்காளிகள் இருப்பது வழக்கம். ஒவ்வொருவருக்கும் ஓர் அறை, ஒரு சாவி. கூடிப் படைப்புப் போடவும், திருமணம் நடத்தவும் அந்த வீடு வேண்டும் என்பதால் விற்கவும் மாட்டார்கள், தனியாக ஒருவர் செலவு செய்து பராமரிக்கவும் முடியாது. வெளியூர் செல்வோர் காவல் நிலையத்தில் தகவல் தந்துவிட்டுச் செல்லுங்கள் என்று காவல்துறை கேட்டுக்கொள்வது நல்ல ஏற்பாடுதான். ஆனால் பதினைந்து நாள் சுற்றுலா போகிற குடும்பத்தை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு அது. ஆண்டில் முந்நூற்றைம்பது நாள் பூட்டியிருக்கும் வீட்டுக்கு யார் போய்த் தகவல் தருவது?

புகார் கொடுக்கச் சென்றபோது, “யார் மேல சந்தேகம்?” என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார்கள். பின்தெருக் கோடியில் வாடகைக்கு இருக்கும் வெளிமாநிலக் கட்டடத் தொழிலாளர்கள் சட்டென்று என் நினைவுக்கு வந்தார்கள். எந்த ஆதாரமும் இல்லாமல் அவர்கள் முகம் ஏன் முதலில் வந்தது என்பதை நினைத்து அன்றிரவு நெடுநேரம் வருந்தினேன். நல்லவேளையாக நாவை அடக்கிக்கொண்டு, யாரையும் சந்தேகிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அக்கம்பக்கத்தார் காவலுக்குத் துணை நிற்க வேண்டும் என்று பேசுகிற எவரும், தம் நாவு யாரை நோக்கி முதலில் நீள்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு விளக்குக் கதை. பின்தெருவில் மூன்று கம்பங்களில் விளக்கு எரியாததைப் பற்றிக் களவுக்கு முன்பே இரண்டு முறை மனுக் கொடுத்திருந்தேன். உள்ளாட்சி அலுவலகத்தில், விளக்கு எங்களுடையது, கம்பியில் மின்சாரம் வரவில்லை, அது வேறு அலுவலகம் என்றார்கள். அந்த வேறு அலுவலகத்தில், கம்பியில் குறையில்லை, விளக்கைத்தான் மாற்ற வேண்டும் என்றார்கள். காவல் நிலையத்திலோ, விளக்கு எரியாததற்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்றார்கள். மூவர் சொன்னதும் அவரவர் அளவில் உண்மை. அந்த மூன்று உண்மைகளுக்கும் நடுவில்தான் பின்கதவு பெயர்ந்தது.

இந்தப் பிரிவினை அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 74ஆவது திருத்தம் 1993 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தபோது, நகர உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பொருள்களைப் பன்னிரண்டாம் அட்டவணையில் அடுக்கினார்கள். முதல் பொருளே நகரத் திட்டமிடல். தெருவிளக்கும் அதில் உண்டு. காவல் அதில் இல்லை. அது மாநிலத்தின் கையில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஒரு வார்டு உறுப்பினரின் சொல்லுக்குக் காவலர் கட்டுப்படும் நிலை வந்தால், எங்கள் பக்கத்துச் சாதி அரசியலில் அது எங்கே போய் முடியும் என்பதை நினைத்தாலே அச்சமாக இருக்கிறது. ஆனால் அதிகாரம் வேறு வேறாக இருப்பதால் உட்கார்ந்து பேசும் இடமும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அதே 1993ஆம் ஆண்டில்தான், எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இராமநாதபுரத்தில், அப்போது காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ என்ற காவல் நண்பர்கள் திட்டத்தைத் தொடங்கினார். 1985 வரை எங்கள் சிவகங்கைப் பகுதியும் அந்த மாவட்டத்தோடுதான் இருந்தது என்பதால், அது எங்கள் மண்ணில் முளைத்தது என்று சொந்தம் கொண்டாடலாம். காவலருக்கும் மக்களுக்கும் இடையே இருந்த அச்சத்தைக் குறைக்க வேண்டும் என்ற அதன் நோக்கத்தை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவலில் வைக்கப்பட்டிருந்த தந்தையும் மகனும் மாண்டபோது, அந்த அமைப்பைச் சேர்ந்த தன்னார்வலர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த மாதமே தமிழக அரசு அந்த அமைப்பைத் தடை செய்தது. அந்தக் கொடுமையை எண்ணும்போது எனக்கு ஒரு முடிவு உறுதியாகிறது. காவலரின் வேலையில் ஒரு பங்கைப் பயிற்சியும் பொறுப்பும் இல்லாத இளைஞர்களிடம் கொடுப்பதைச் சமுதாயக் காவல் என்று அழைக்கக் கூடாது. காவலர் தெருவுக்கு வந்து, தெருக்காரர்கள் சொல்வதைக் கேட்டு, கேட்டதைத் தம் ரோந்தில் சேர்த்துக்கொள்வதே அந்தப் பெயருக்கு உரியது.

பழைய ஊர்க்காவலைப் பெருமையாகப் பேசுவோரும் எங்கள் பக்கத்தில் உண்டு. காவல்கூலி வாங்கிய காவல்காரர், களவு போன பொருளைக் கண்டுபிடித்துத் தரவோ ஈடுகட்டவோ கடமைப்பட்டிருந்தார் என்பது மெய்தான். கூலி கொடுக்காத வீட்டு மாடு காணாமற்போவதும், துப்புச் சொல்வதற்கான துப்புக்கூலியைக் கொடுத்ததும் அது திரும்பி வருவதும் அதே முறையில் இருந்தவைதான். 1859ஆம் ஆண்டின் சென்னைக் காவல் சட்டத்துக்குப் பிறகு சம்பளம் வாங்கும் காவலர்கள் வந்தார்கள். பணம் கொடுப்பவருக்கு மட்டும் காவல் என்ற நிலைக்கு நாம் திரும்பிப் போக வேண்டியதில்லை. தனியார் காவலாளி வைத்துக்கொள்ள வசதியுள்ள வீட்டை விட்டு விட்டுத் திருடர்கள் பக்கத்து வீட்டுக்குப் போவதை இப்போதே பார்க்கிறோம்.

கேரளத்தில் 2008இல் தொடங்கிய ஜனமைத்ரி திட்டத்தில், ஒரு பகுதிக்கென்று ஒரு பீட் காவலரை ஒதுக்கி, அவர் வீடு வீடாகச் சென்று அறிமுகமாகிக்கொள்ள வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊருக்கு அதை அப்படியே கொண்டுவந்தால், பாதி வீடுகளில் கதவைத் தட்டினால் திறக்க ஆளிருக்காது. எனவே இங்கே வீட்டை விட்டுத் தெருவை அறிந்துகொள்வதில்தான் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

பழைய வேலை கைகொடுத்தது. பெரிய வரைதாளில் எங்கள் நான்கு தெருக்களையும் அளவுக்கு வரைந்தேன். பூட்டிய வீடுகளுக்கு நீலம், ஆள் இருக்கும் வீடுகளுக்குப் பச்சை, எரியாத விளக்குக்குச் சிவப்பு என்று வண்ணமிட்டேன். ஒவ்வொரு கம்பத்திலும் எழுதியிருந்த எண்ணை டார்ச் அடித்துப் பார்த்துக் குறித்தேன். ஊரணிக் கரையில் சீமைக்கருவேலம் மண்டி நடைபாதையை மறைத்த இடத்தையும், சாயங்காலம் டியூஷன் முடிந்து பிள்ளைகள் அந்தப் பாதையைத் தவிர்த்துச் சுற்றிப் போகும் வழியையும் கோடிட்டேன். அந்த வழியைச் சொன்னது பத்தாம் வகுப்புப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண். “அங்க குடிச்சிட்டு உக்காந்திருப்பாங்க தாத்தா, நாங்க அந்தப் பக்கம் போறதே இல்ல” என்றாள். ஒரு புகாரிலும் பதிவாகாத செய்தி அது. நீலமும் சிவப்பும் பின்தெருவில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்ததைப் படத்தில் பார்த்தபோது, களவு அங்கே நடந்ததில் வியப்பதற்கு எதுவும் இல்லை என்று புரிந்தது.

படத்தோடு காவல் நிலையத்துக்குப் போனேன். அன்று பணியில் இருந்த ஏட்டையா அதைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, இரவு ரோந்தின்போது தம்மோடு வரச் சொன்னார். பத்தரை மணிக்கு நடந்தோம். முன்தெருக் கோயில் வாசலில் ஒரு சிறு பெட்டியில் நோட்டு ஒன்று தொங்குகிறது. ரோந்து வரும் காவலர் நேரத்தைக் குறித்துக் கையெழுத்திட வேண்டும். அதற்குப் பட்டா புத்தகம் என்று பெயர் என்பதை, ஆயுள் முழுவதும் வேறு பட்டாவோடு வாழ்ந்த நான் அன்றுதான் அறிந்தேன். பின்தெருவில் அப்படி ஒன்று இல்லை. “சார், புத்தகம் எங்க இருக்கோ அங்கதான் எங்க வண்டி நிக்கும். இந்தச் சந்துல புத்தகம் இருந்தா நாங்களும் வந்துதானே ஆகணும்” என்றார் அவர். அதன்பின் மதிலோரமாக நின்று, பெயர்த்த கதவின் புதுத் தாழ்ப்பாளைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு, கம்ப எண்களைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

பேசும் இடம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. கிராம ஊராட்சிகளில் கிராம சபை இருப்பதுபோல, நகரங்களில் வார்டு குழுவும் பகுதி சபையும் அமைக்க 2022இல் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைகள் கூடின. எங்கள் பகுதி சபைக்கு வருவோர் பெரும்பாலும் குடிநீரும் வரியும் பற்றியே பேசுவார்கள். அடுத்த கூட்டத்தில் படத்தைச் சுவரில் மாட்டினேன். ஆடு மேய்க்கும் அம்மாவையும், கோடி வீட்டுத் தொழிலாளர்களில் தமிழ் பேசத் தெரிந்த ஒருவரையும் வரச் சொல்லியிருந்தேன். அழைப்பை ஏற்று ஏட்டையா சீருடையில் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். விளக்குக்குப் பொறுப்பானவரும் அங்கேயே இருந்ததால், கம்ப எண்ணைச் சொல்லி, யார் எந்தக் கிழமைக்குள் பார்ப்பது என்று அரை மணி நேரத்தில் முடிவாகிவிட்டது. அந்தத் தொழிலாளி எழுந்து, இருட்டில் தங்கள் கைபேசிகளும் இரண்டு முறை பறிபோனதாகவும், புகார் கொடுக்க அஞ்சியதாகவும் சொன்னபோது கூட்டம் அமைதியாகிவிட்டது. நான் யாரைச் சந்தேகிக்கவிருந்தேனோ அவர்களும் களவு கொடுத்தவர்களே.

இப்போது பின்தெருவில் மூன்று விளக்குகளும் எரிகின்றன. ஆடு மேய்க்கும் அம்மாவின் வீட்டு வாசலில் பட்டா புத்தகப் பெட்டி தொங்குகிறது. கையெழுத்து விழாத நாளை அவரே எனக்கு வந்து சொல்கிறார். பூட்டிய வீடுகளுக்குப் பங்காளிகளில் ஒருவரைப் பொறுப்பாளராக எழுதிக் கொடுக்கச் சொல்லி நான் அனுப்பிய கடிதங்களுக்குப் பாதிப் பேர் பதில் எழுதிவிட்டார்கள். ஊரணிக் கரைக் கருவேலத்தை வெட்டுவது இன்னும் நடக்கவில்லை. கரை யாருடைய கணக்கில் இருக்கிறது என்பதில் தகராறு. அதற்குரிய புலப்படத்தின் நகலுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அடுத்த பகுதி சபைக்கு முன் கைக்கு வந்துவிட வேண்டும்.