ரசவாதியும் எங்கள் வீட்டு மாடியும்

கன்னியாகுமரி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய தூரத்தில் எங்கள் வீடு. மாடியில் நாலு அறைகளை வாடகைக்கு விடுகிறோம். கீழே பதிவேடு வைத்திருக்கும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு மர அலமாரி உண்டு, தங்கிப் போகிறவர்கள் விட்டுச்செல்லும் புத்தகங்களுக்காக. ஜோதிடம், யோகாசனம், துப்பறியும் கதை என்று எது எதுவோ வந்து சேரும். ஆனால் விடாமல் வந்துகொண்டே இருப்பது ஒரே ஒரு நாவல்தான், பிரேசில் எழுத்தாளர் பாவ்லோ கொய்லோவின் ‘ரசவாதி’. ஆங்கிலத்தில் வரும், இந்தியில் வரும், மலையாளத்தில் வரும். தமிழ்ப் பிரதி வந்தால் மட்டும் அலமாரியில் தங்காது, யாராவது கொண்டுபோய்விடுவார்கள்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அசாமின் திப்ருகரில் கிளம்பும் விவேக் எக்ஸ்பிரஸ் 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடி இங்கே வந்து நிற்கிறது. அவ்வளவு நேரம் ரயிலில் உட்கார்ந்திருப்பவருக்கு, பயணம் போகிற ஒரு பையனின் கதை, இருநூறு பக்கத்துக்குள், எந்த ஸ்டேஷன் புத்தகக் கடையிலும் கிடைப்பது. படித்து முடிக்கும்போது தண்டவாளமும் முடிந்துவிடும். ஊர் வந்து இறங்கியதும் அதைப் பற்றி யாரிடமாவது பேசியாக வேண்டும் என்று இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மொட்டைமாடியில் சுக்குக் காப்பியோடு அந்தப் பேச்சைக் கேட்பது பெரும்பாலும் நான்தான்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்பெயினின் அந்தலூசியாவில் ஆடு மேய்க்கும் சந்தியாகோ, இடிந்த தேவாலயம் ஒன்றில் படுத்துத் தூங்கும்போது, எகிப்தின் பிரமிடுகளுக்குப் பக்கத்தில் புதையல் இருப்பதாகக் கனவு காண்கிறான். ஆடுகளை விற்றுக் கடல் தாண்டி மொராக்கோவின் டாஞ்சியருக்குப் போகிறான். போன அன்றைக்கே பணத்தைப் பறிகொடுக்கிறான். ஒரு கண்ணாடிப் பாத்திரக் கடையில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, வணிகக் கூட்டத்தோடு சகாராவைக் கடக்கிறான். பாலைவனச் சோலையில் ஃபாத்திமா என்ற பெண்ணைக் காதலிக்கிறான். ரசவாதி ஒருவரின் துணையோடு பிரமிடு வரை போனால், அங்கே அவனை அடித்துப் போடுகிற ஒருவன் தன் கனவைச் சொல்கிறான்: ஸ்பெயினில் ஓர் இடிந்த தேவாலயத்தில், அத்தி இன மரம் ஒன்றின் அடியில் புதையல் இருக்கிறதாம். கிளம்பிய இடத்திலேயேதான் இருந்திருக்கிறது. 1988-இல் போர்த்துகீசிய மொழியில் வந்த புத்தகம். விற்கவில்லை என்று முதல் பதிப்பாளர் கைவிட்டுவிட்டார். இன்றைக்கு 80-க்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது.

இதைப் படித்த இரண்டு பேர் ஒரே மாதிரி பேசி நான் கேட்டதில்லை.

ஹைதராபாத்திலிருந்து வந்த உருதுப் பேராசிரியர் ஒருவர், இது புதுக்கதையே இல்லை என்றார். பாரசீகக் கவிஞர் ரூமியின் மஸ்னவி என்ற நெடுங்கவிதையில் பாக்தாத்காரன் ஒருவன் கனவு கண்டு கெய்ரோவுக்குப் போய், காவல்காரனிடம் அடி வாங்கி, அவன் வாயாலேயே தன் வீட்டுப் புதையலைத் தெரிந்துகொள்கிறானாம். ஆயிரத்தொரு இரவுகளிலும் அதே கதை உண்டு என்றார். அவருக்கு அதில் கோபம் எதுவும் இல்லை. நல்ல கதை என்றால் நாலு ஊர் சுற்றத்தான் செய்யும் என்றார்.

கொல்கத்தாவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்குத்தான் உண்மையான கோபம். அன்று காலையில் அவரும் மனைவியும் படகில் விவேகானந்தர் பாறைக்குப் போய், 2024 கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலத்தில் நடந்து திருவள்ளுவர் சிலையையும் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். விவேகானந்தர் 1892 டிசம்பரில் இந்தப் பாறையில் உட்கார்ந்து எதை யோசித்தார் என்பதை, 1894-இல் அமெரிக்காவிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே சொல்லியிருக்கிறார் என்றார் அவர். நாட்டின் ஏழை ஜனங்களுக்குக் கல்வியைக் கொண்டுபோக என்ன வழி என்பதுதான் அந்த யோசனை. “உங்கள் பையன் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தன் புதையலைத் தவிர வேறு எதையாவது கேட்கிறானா?” என்றார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் மனைவி மட்டும் மெதுவாக, “இருபது வயதுப் பையன் வேறு எதைக் கேட்பான்?” என்றார். அந்தப் பேச்சு சாப்பாட்டு நேரம் வரை போயிற்று.

எனக்கு மிகவும் பிடித்த வாசகர் வெளியூர்க்காரர் இல்லை. கடற்கரைக்குப் போகிற வழியில் சங்கு, சிப்பிப் பொருள் கடை வைத்திருக்கும் ஹாஜியார். சொந்த ஊர் தக்கலை. சூஃபிக் கவிஞர் பீர்முகம்மது அப்பா தர்காவில் ஆண்டுவிழா ராத்திரி முழுக்க அவர் பாடிய ஞானப்புகழ்ச்சியை ஓதுகிறவர்களோடு உட்கார்ந்து வளர்ந்தவர். அவரிடம் தமிழ்ப் பிரதியைக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து வந்து, “அந்தக் கண்ணாடிக் கடைக்காரன் இருக்கானே, அவன்மேல எனக்கு வருத்தம்” என்றார்.

நாவலில் அந்தக் கடைக்காரருக்கு வாழ்நாள் ஆசை மக்கா போவது. ஆனால் போகமாட்டார். போய்விட்டால், அப்புறம் எதை நினைத்து உயிர் வாழ்வது என்ற பயம். அதனால் ஆசையை ஆசையாகவே வைத்துக்கொள்கிறார். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்திருந்த ஒரு தம்பி அதே வாரம் எங்கள் மாடியில் தங்கியிருந்தான். அவனுக்கு அந்தக் கடைக்காரர் ஒரு கோழை. “அவரை மாதிரி ஆகிடக்கூடாதுன்னுதாங்க ராஜினாமா எழுதிக் கொடுத்தேன்” என்றான்.

ஹாஜியார் அதை ஒத்துக்கொள்ளவில்லை. “தம்பி, நான் போயிட்டு வந்தவன். நானும் அப்படித்தான் பயந்தேன். வருஷக்கணக்கா காசு சேத்து வச்சு, மூத்தவளக் கட்டிக் குடுத்து, அப்புறம்தான் போக முடிஞ்சது. திரும்பி வந்து மறுநாள் காலையில கடையத் திறந்தேன். அதே சங்கு, அதே பேரம். ஆனா மனசுல ஒரு நெறவு இருந்துச்சு. அவன் பயந்த மாதிரி ஒண்ணும் தீர்ந்து போகல. அதச் சொல்லுறதுக்கு அவனுக்கு ஒரு ஆள் இல்லாமப் போச்சு. அதுதான் வருத்தம். கோழைன்னு சொல்லாதீங்க. கடைய நம்பி எத்தன வயிறு இருந்ததோ.”

தம்பி பதில் சொல்லவில்லை. நான் ஹாஜியார் கட்சி. இந்தப் புத்தகத்தில் கிளம்பிப் போகிறவனுக்கு எல்லா மரியாதையும் கிடைக்கிறது. இருந்த இடத்தில் இருப்பவர்கள் அவன் ஏறி இறங்குகிற படிகள் மட்டும்தான். அறை வாடகைக்கு விட்டு, போர்வை துவைத்து, ராத்திரி பதினோரு மணிக்கு வந்து கதவைத் தட்டுகிறவனுக்கு தோசை ஊற்றிக் கொடுக்கிற எனக்கு அது உறுத்தாமல் இருக்குமா?

புனேயிலிருந்து தனியாக வந்த ஒரு பெண் இதையே ஃபாத்திமாவை வைத்துக் கேட்டாள். அவன் புதையல் தேடிப் போவானாம், பாலைவனப் பெண்ணுக்குக் காத்திருக்கத் தெரியுமாம், அவள் சந்தோஷமாக அனுப்பி வைப்பாளாம். “அவளுக்கு ஒரு கனவுகூட எழுத்தாளர் கொடுக்கவில்லையே அக்கா” என்றாள். அந்த வரிகளில் பென்சிலால் அழுத்திக் கோடு போட்டிருந்தாள். காகிதம் கிழிகிற அளவுக்கு.

நான் அவளை மறுநாள் அம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் ஊர்க் கதையே ஒரு காத்திருப்புதானே. அம்மனைக் கட்டிக்கொள்ள சுசீந்திரம் கோயில் சாமி தாணுமாலயன் நள்ளிரவில் மாப்பிள்ளையாகக் கிளம்புகிறார். விடிவதற்குள் முகூர்த்தம். வழியில் நாரதர் சேவலாகக் கூவ, நேரம் தப்பிவிட்டது என்று திரும்பிப் போய்விடுகிறார். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், வந்து சேரவில்லை. இங்கே சமைக்க வைத்திருந்த அரிசியும் பருப்பும் பல நிற மணலாகக் கரையில் கிடக்கின்றன என்பார்கள். ஆனால் அவள் அதோடு முடிந்துபோகவில்லை. கன்னியின் கையால்தான் சாவு என்று வரம் வாங்கியிருந்த பாணாசுரனை அவள்தான் வதம் செய்தாள். ஊருக்கும் மாவட்டத்துக்கும் நிற்கிறது அவள் பெயர். பாதி வழியில் திரும்பியவர் பெயர் இல்லை. புனேக்காரி அம்மனின் மூக்குத்தி தெரியும் இடத்தில் ரொம்ப நேரம் நின்றாள். வெளியே வந்ததும், “ஃபாத்திமாவுக்கு யாராவது இப்படி ஒரு கதை எழுதணும்” என்றாள். எனக்கும் அந்த ஆசை உண்டு.

சரி, இந்தப் புத்தகத்திலேயே பெயர்போன வரிக்கு வருகிறேன். நீ ஒன்றை மனதார விரும்பினால், அது கைகூட இந்தப் பிரபஞ்சமே கூடி உனக்கு உதவும் என்கிற பொருளில் ராஜா ஒருவர் சந்தியாகோவிடம் சொல்வார். கோயம்புத்தூர்த் தம்பி அதைக் கைபேசியின் முகப்பிலேயே வைத்திருந்தான். ஒரு நாள் காலையில் மீன் கொண்டுவரும் அக்காவிடமும் அதைச் சொல்லிவிட்டான். அவன் மேல் தப்பு இல்லை. அவள் “இந்த வயசுல வேலைய விட்டுட்டு வந்திருக்கியே மக்களே, வீட்டுல என்ன சொன்னாவ?” என்று கேட்டாள். அதற்குப் பதிலாக அவன் கதையைச் சொன்னான். நல்லாவே சொன்னான். அவள் நெத்திலியைக் கூறு பிரித்து வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வரி வந்ததும் கை நின்றது.

அவள் பிறந்தது தூத்தூர் பக்கம், கட்டிக்கொடுத்தது இங்கே. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது அவள் தம்பி ஆழ்கடலில் இருந்தான். அந்தக் கிராமங்களில் இருப்பவர்கள் ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கித் தொழில் செய்கிறவர்கள். எச்சரிக்கை வந்தபோது பல படகுகள் கரையிலிருந்து வெகுதூரத்தில் இருந்தன. இங்கே எங்களுக்கு மரங்கள் சாய்ந்து, வாழையும் ரப்பரும் போய், நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அவர்களுக்கு ஆட்களே திரும்பி வரவில்லை. பல வீடுகளில் அடக்கம் செய்ய உடல்கூடக் கிடைக்கவில்லை. அவள் தம்பியும் கிடைக்கவில்லை.

“மக்களே, வீட்டுக்கு வரணும்னு அவன் ஆசப்பட்டிருக்கமாட்டானா?” என்றாள். “நாங்க ஆசப்படலையா? சர்ச்சுல அத்தன பேரும் முட்டுக்குத்தி நின்னோமே. எங்க ஆசையில என்ன கொற?”

திட்டுகிற குரல் இல்லை. அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கோயம்புத்தூர்த் தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. “தெரியலைங்கக்கா” என்றான். அது நேர்மையான பதில் என்று நினைத்தேன்.

அந்த வரியை நான் இப்போது யாரிடமும் சொல்வதில்லை. இருபத்தைந்து வயதில், உடம்பில் தெம்பும் ஊரில் திரும்பிப்போக வீடும் இருப்பவனுக்கு அது ஒரு தள்ளு கொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் கிடைக்காதவர்கள் எல்லாம் சரியாக விரும்பாதவர்கள் என்று அதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. கடற்கரை ஊரில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. உலகத்துக்கே வழிகாட்டுகிறேன் என்று ஒரு புத்தகம் வந்தால், கரையில் நிற்பவள் கேட்கிற கேள்விக்கும் அதில் இடம் வேண்டும். இதில் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் அந்தப் புத்தகத்தை நான் அலமாரியிலிருந்து எடுத்துவிடவில்லை. அதற்குக் காரணம் டாஞ்சியர் கடைப் பகுதிதான். பணம் போய், பசியோடு சந்தியாகோ அந்தக் கடை வாசலுக்கு வருகிறான். கண்ணாடிச் சாமான் எல்லாம் தூசி படிந்து கிடக்கிறது. சாப்பாடு போட்டால் துடைத்துத் தருகிறேன் என்று கேட்கிறான். கடைக்காரர் வாய் திறப்பதற்குள் தன் மேல்சட்டையைக் கொண்டே துடைக்க ஆரம்பித்துவிடுகிறான். முடித்ததும் அவர் அவனைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட வைக்கிறார். இதில் பிரபஞ்சம் கூடி உதவுகிற பேச்சு இல்லை. பசியில் இருக்கிறான், துடைக்கிறான், சாப்பாடு கிடைக்கிறது.

காஷ்மீரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்த ஒரு பையன், புத்தகம் மொத்தத்திலும் தான் நம்புவது இந்த இடத்தை மட்டும்தான் என்றான். நாக்பூர் தாண்டி எங்கேயோ அவன் பர்ஸும் கைபேசியும் போய்விட்டன. நெடுஞ்சாலை ஓர தாபா ஒன்றில் தட்டு கழுவட்டுமா என்று கேட்டிருக்கிறான். தாபாக்காரர் முதலில் ரொட்டியும் பருப்பும் வைத்து, அப்புறம்தான் கழுவவிட்டாராம். கிளம்பும்போது வழிச்செலவுக்கும் கொஞ்சம் கொடுத்தாராம்.

நெத்திலி வாங்குகிற இன்னொரு நாளில், மீன்கார அக்காவுக்கு இந்த இரண்டையும் சேர்த்தே சொன்னேன், சைக்கிள் பையனையும் கண்ணாடிக் கடையையும். அந்த முதல் பேச்சோடு இந்தப் புத்தகத்தை அவள் ஒதுக்கிவிடக் கூடாது என்று எனக்கு இருந்தது. “இது சரி. இது நடக்கும்” என்றாள். கூடையைத் தலையில் தூக்கி வைக்க என்னைக் கை கொடுக்கச் சொன்னாள். பிறகு, “அந்தக் கடைக்காரன் பேரு என்ன?” என்று கேட்டாள்.

எழுத்தாளர் அவருக்குப் பெயர் வைக்கவில்லை, கடைசி வரை கடைக்காரர் என்றுதான் வருகிறது என்றேன்.

“சோறு போட்டவனுக்குப் பேர் இல்லையா மக்களே? அதெப்படி?” என்றாள்.